கிளவுட் எது, கிளவுட் போலத் தெரிவது எது?

கேள்வி இது: "எங்கள் அலுவலகத்தில் ஒரு ராக் (சர்வர்களை அடுக்கி வைக்கும் சட்டகம்) நிறைய சர்வர்கள் இருக்கின்றன. விர்ச்சுவலைசேஷன் மென்பொருள் போட்டு அவற்றில் நாற்பது விர்ச்சுவல் மெஷின்கள் ஓட்டுகிறோம். மேலிடத்தில் இதைப் பிரைவேட் கிளவுட், அதாவது எங்களுக்கே சொந்தமான கிளவுட், என்கிறார்கள். கிரிட், கிளஸ்டர், வெப் ஹோஸ்டிங் எல்லாம் நான் ஏற்கெனவே பார்த்தவைதான். இவற்றிலிருந்து கிளவுட் எந்த இடத்தில் வேறுபடுகிறது? பழைய சரக்குக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்களா?"

பழைய சரக்கோ என்ற சந்தேகம் நியாயமானது. கிளவுடுக்குள் இருக்கும் தொழில்நுட்பங்களில் பெரும்பாலானவை கிளவுட் என்ற பெயரைவிட வயதில் மூத்தவை. ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் டைம் ஷேரிங் முறையை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1961 நவம்பரிலேயே செய்து காட்டிவிட்டார்கள். அதே ஆண்டு அங்கே நடந்த நூற்றாண்டு விழாவில் கணினி விஞ்ஞானி ஜான் மெக்கார்த்தி, தொலைபேசியைப் போல ஒருநாள் கணினி ஆற்றலும் பொதுப் பயன்பாட்டுச் சேவையாக மாறலாம் என்று பேசினார். 1960களின் பிற்பகுதியில், டெர்மினலும் தொலைபேசி இணைப்பும் வைத்திருந்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் நேரத்தை மணிக் கணக்கில் விற்பது ஒரு தொழிலாகவே நடந்தது. ஒரு இயந்திரத்தைப் பல இயந்திரங்களாகக் காட்டும், அதாவது விர்ச்சுவலைசேஷன் செய்யும், விஎம்/370 என்ற அமைப்பை ஐபிஎம் 1972இல் அறிவித்தது. ஆக, பகிர்வது பழசு, வாடகைக்கு விடுவது பழசு, விர்ச்சுவல் மெஷினும் பழசு.

புதிதாக வந்தது, இயந்திரத்தை வாங்கும் முறையும் அதைத் திருப்பிக் கொடுக்கும் முறையும்தான். நடுவில் ஒரு மனிதரும் இல்லாமல், ஒரு புரோகிராம் கேட்டதும் இயந்திரம் கிடைக்க வேண்டும். அதே புரோகிராம் 'போதும்' என்றதும் இயந்திரம் போய்விட வேண்டும். அதோடு அதற்கான பில்லும் நின்றுவிட வேண்டும். கிளவுடைப் பற்றிப் பேசுகிறவர்கள் கிடைப்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறார்கள். எனக்கு விட்டுவிட முடிவதுதான் பெரிதாகப் படுகிறது. விட முடியும் என்று தெரிந்தால்தான் தயங்காமல் கேட்க முடியும்.

இதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். கிளவுடுக்கு முந்தைய காலத்தில் நான் வேலை செய்த இடத்தில், புதிதாக ஒரு அப்ளிகேஷனுக்குச் சர்வர் வேண்டுமென்றால் முதலில் எவ்வளவு மெமரி, எத்தனை டிஸ்க் என்று கணக்குப் போட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு விலைப்புள்ளி, ஒப்புதல், பர்ச்சேஸ் ஆர்டர். பெட்டி வந்து இறங்கிய பிறகு ராக்கில் இடம் இருக்கிறதா, பவர் தாங்குமா, சுவிட்ச்சில் போர்ட் காலியா என்று பார்க்க வேண்டும். கடைசியில் டேட்டா சென்டர் குளிரில் நின்றபடி சிடியைப் போட்டு ஓஎஸ் ஏற்றுவோம். எல்லாம் முடிய ஆறிலிருந்து எட்டு வாரம். அதன் விளைவு என்ன தெரியுமா? எல்லாரும் தேவைக்கு இரண்டு மடங்கு கேட்டார்கள். இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம்தான் என்ற பயம். வாங்கிய இயந்திரம் நாளில் முக்கால்வாசி நேரம் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், ஆனாலும் யாரும் அதைத் திருப்பித் தர மாட்டார்கள். பிற்பாடு முதன்முறையாகக் கிளவுடில் ஒரு மெஷினைக் கேட்டு ஒரு கமாண்ட் அடித்தபோது இரண்டு நிமிடத்தில் ஒரு ஐபி முகவரி வந்து நின்றது. அதைவிட என்னை அசைத்தது அன்று மாலை. சோதனை முடிந்ததும் இன்னொரு கமாண்ட் அடித்து அதை அழித்தேன். ஒரு சர்வரை வேண்டாம் என்று நானே கைவிட்டது என் வேலை வாழ்க்கையில் அதுவே முதல் முறை.

வரலாற்றில் இந்த மாற்றத்துக்கு ஒரு தேதி சொல்ல வேண்டுமென்றால் 2006தான். அந்த ஆண்டு மார்ச் 14இல் அமேசான் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையைத் தொடங்கியது. ஆகஸ்டில் இசி2 என்ற பெயரில் விர்ச்சுவல் மெஷின்களை வாடகைக்கு விட்டது. சிறிய மெஷின் ஒன்றுக்கு மணிக்கு 10 சென்ட். ஒப்பந்தம் கிடையாது, குறைந்தபட்ச மாதம் கிடையாது, விற்பனைப் பிரதிநிதியோடு பேச வேண்டியதும் இல்லை. 2008இல் கூகுளின் கிளவுட் சேவையான ஆப் எஞ்சின் வந்தது. மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு தன் கிளவுட் சேவையான அஸூரை அறிவித்து 2010இல் வணிகரீதியாகத் திறந்தது. 2017 அக்டோபரில் இசி2வின் லினக்ஸ் மெஷின்களுக்கு மணிக் கணக்கு போய் நொடிக் கணக்கே வந்துவிட்டது.

மணிக்கு 10 சென்ட் என்பது வெறும் மலிவு விலையாகத் தெரியலாம். அதற்குள் இருக்கும் கணக்கைப் பாருங்கள். ஒரு மெஷினை நூறு மணி நேரம் ஓட்டினாலும் பத்து டாலர், நூறு மெஷின்களை ஒரு மணி நேரம் ஓட்டினாலும் அதே பத்து டாலர். சொந்தமாக வாங்கும் உலகத்தில் இந்தச் சமன்பாடு கிடையவே கிடையாது. அங்கே நூறு மெஷின் என்றால் நூறு மெஷினின் விலை, ஒரு மணி நேரத்துக்கானாலும் சரி. 2007இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை தன் பழைய இதழ்களின் ஸ்கேன் கோப்புகளைப் பிடிஎஃப் ஆக மாற்ற வேண்டியிருந்தது. ஏறக்குறைய 1.1 கோடி கட்டுரைகள். இசி2வில் நூறு மெஷின்களை எடுத்தார்கள், ஒரு நாளுக்குள் வேலையை முடித்தார்கள். 100 மெஷின், 24 மணி நேரம், 10 சென்ட் என்று பெருக்கினால் 240 டாலர் வருகிறது. சேமிப்புக்கும் நெட்வொர்க்குக்கும் தனிக் கட்டணம் இருந்தது, இருக்கட்டும். ஒரு நாள் வேலைக்காக நூறு சர்வர் வாங்கித் தாருங்கள் என்று எந்த அலுவலகத்திலும் யாரும் வாய் திறந்து கேட்டிருக்க முடியாது. கிளவுட் மாற்றியது வேகத்தை மட்டுமல்ல, எதைக் கேட்கலாம் என்ற எல்லையையே.

சேவை கொடுப்பவர்களுக்கு இது எப்படிக் கட்டுப்படியாகிறது? எல்லாருடைய உச்ச நேரமும் ஒரே நேரத்தில் வருவதில்லை என்பதுதான் அடிப்படை. ஒருவரின் கூட்டம் பகலில், இன்னொருவருடையது இரவில், மூன்றாமவருக்கு மாதக் கடைசியில். தனித்தனியாக இயந்திரம் வாங்கினால் ஒவ்வொருவரும் தத்தம் உச்சத்துக்கு வாங்க வேண்டும். எல்லாரையும் ஒரே குளத்தில் சேர்த்தால் மொத்த உச்சம் தனி உச்சங்களின் கூட்டுத்தொகையைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கும். அந்த இடைவெளியில்தான் கிளவுட் தொழில் வாழ்கிறது. வாடிக்கையாளர்கள் எவ்வளவு அதிகமோ, எவ்வளவு வேறுபட்டவர்களோ, அவ்வளவுக்கு இந்தக் கணக்கு நன்றாக வேலை செய்யும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஒரு ராக்கைப் பற்றிப் பேசும்போது மறுபடியும் தேவைப்படும்.

இனி, பட்டனை அமுக்கியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஏனென்றால் கிளவுடுக்கும் விர்ச்சுவலைசேஷனுக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் கண்ணுக்குத் தெரியும். நீங்கள் அனுப்புவது ஒரு ஏபிஐ அழைப்பு, அதாவது ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமிடம் வைக்கும் கோரிக்கை. கேட்பவர் யார், இதைக் கேட்க அவருக்கு அனுமதி உண்டா, அவருடைய ஒதுக்கீட்டு வரம்பு இடம் கொடுக்கிறதா என்று முதலில் சரிபார்க்கிறார்கள். அடுத்து ஷெட்யூலர் என்ற மென்பொருள், ஆயிரக்கணக்கான சர்வர்களில் எதில் இந்த அளவு மெமரியும் கோர்களும் காலியாக இருக்கின்றன என்று தேடி ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. அந்தச் சர்வரில் ஓடும் ஹைப்பர்வைசர், அதாவது விர்ச்சுவல் மெஷின்களை உருவாக்கி ஓட்டும் மென்பொருள், மெமரியையும் விர்ச்சுவல் சிபியுக்களையும் ஒதுக்குகிறது. டிஸ்க் பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள் இருக்காது, வேறு ராக்கில் இருக்கும் சேமிப்பு அமைப்பிலிருந்து நெட்வொர்க் வழியாக இணைக்கப்படும். பக்கத்து மெஷினில் இருக்கும் வேறு வாடிக்கையாளரின் கண்ணில் படாதபடி உங்களுக்கென ஒரு விர்ச்சுவல் நெட்வொர்க் விரிகிறது. நீங்கள் சொன்ன ஓஎஸ் இமேஜ் பூட் ஆகிறது. முதல் பூட்டிலேயே ஒரு சிறு நிரல், தொலைவிலிருந்து நீங்கள் உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவியைக் கொண்டுவந்து உரிய இடத்தில் எழுதி வைக்கிறது. கடைசியாக மீட்டர் ஓடத் தொடங்குகிறது.

இந்த வரிசையில் ஹைப்பர்வைசர் வந்தது ஒரே ஒரு படியில். அந்த ஒரு படிதான் விர்ச்சுவலைசேஷன். முன்னாலும் பின்னாலும் இருக்கும் மற்றதெல்லாம் சேர்ந்தால்தான் கிளவுட். எஞ்சினும் வாடகை வண்டிச் சேவையும் ஒன்றல்ல என்பது போல. எஞ்சின் இல்லாமல் சேவை இல்லை, ஆனால் எஞ்சினை வைத்திருப்பதால் யாரும் வாடகை வண்டி நடத்துவதாகிவிடாது.

அந்த எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனமில்லை. மெயின்பிரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரில் 1972இலேயே சாத்தியமான ஒன்று, மேசைக் கம்ப்யூட்டர் சிப்பான எக்ஸ்86இல் ஏன் இவ்வளவு தாமதமானது? விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடும் ஓஎஸ், தான்தான் முதலாளி என்று நினைத்துக்கொண்டு சில சலுகை பெற்ற கட்டளைகளைப் பிறப்பிக்கும். அப்போது சிப் அதைத் தடுத்து நிறுத்தி ஹைப்பர்வைசரிடம் தகவல் சொல்ல வேண்டும். பழைய எக்ஸ்86இல் சில கட்டளைகள் தடுக்கப்படாமல், தவறு என்றும் சொல்லாமல், சத்தமில்லாமல் வேறு விடையைக் கொடுத்துவிடும். ஹைப்பர்வைசருக்கு விஷயமே தெரியாது. 1998இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம் இதைச் சமாளித்த விதம் அழகானது. அப்படிப்பட்ட கட்டளைகள் ஓடுவதற்கு முன்பே அவற்றைக் கண்டுபிடித்து, ஆபத்தில்லாத வேறு கட்டளைகளாக உடனுக்குடன் மாற்றி எழுதியது. கேம்பிரிட்ஜில் உருவாகி 2003இல் வெளிவந்த ஸென் என்ற ஹைப்பர்வைசர் வேறு வழியில் போனது. உள்ளே ஓடும் ஓஎஸ்ஸையே கொஞ்சம் திருத்தி, 'நீ விருந்தாளி, எது வேண்டுமானாலும் என்னிடம் கேள்' என்று சொல்லிவைத்தது. 2005, 2006 ஆண்டுகளில் இன்டெலும் ஏஎம்டியும் சிப்பிலேயே இதற்கான வசதியைச் சேர்த்தன. இசி2 தன் முதல் ஆண்டுகளில் ஓடியது ஸென் மீதுதான். மலிவான எக்ஸ்86 பெட்டிகளைப் பத்திரமாகக் கூறுபோட முடிந்த பிறகே கிளவுட் தொழிலாக நிற்க முடிந்தது. காலம் இவ்வளவு நெருக்கமாக அமைந்தது தற்செயல் அல்ல.

கிளஸ்டர் என்பது வேறு திசை. விர்ச்சுவலைசேஷன் ஒன்றைப் பலவாகக் காட்டுகிறது என்றால், கிளஸ்டர் பலவற்றை ஒன்றாகக் காட்டுகிறது. 1994இல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதாரணப் பிசிக்களை ஈதர்நெட்டால் இணைத்து பெயோவுல்ஃப் என்ற கிளஸ்டரைக் கட்டினார்கள். பெரும் விலை கொடுத்து வாங்க வேண்டிய கணக்கிடும் திறனைக் கடையில் கிடைக்கும் பாகங்களிலிருந்தே எடுக்கலாம் என்று அது காட்டியது. கிளஸ்டரில் எல்லா இயந்திரங்களும் ஒரே இடத்தில், ஒரே நிர்வாகத்தில், பெரும்பாலும் ஒரே வேலைக்காகப் பூட்டப்பட்டிருக்கும். கிளவுடின் வயிற்றுக்குள் எத்தனையோ கிளஸ்டர்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவை தெரிவதில்லை, அவ்வளவுதான்.

கிரிட்டைத்தான் பலர் கிளவுடோடு குழப்பிக்கொள்கிறார்கள். குழம்புவதற்குக் காரணமும் உண்டு. மின்சாரக் கட்டமைப்பைப் போலக் கணினி ஆற்றலைச் செருகி எடுத்துக்கொள்ளலாம் என்பதே 1990களின் கடைசியில் இயன் ஃபாஸ்டர், கார்ல் கெஸ்ஸல்மன் போன்றோர் முன்வைத்த கிரிட்டின் கனவு. கனவு ஏறக்குறைய ஒன்று, ஏற்பாடு முற்றிலும் வேறு. கிரிட்டில் இயந்திரங்கள் பல நிறுவனங்களுக்குச் சொந்தம். அவை ஒரு பொது நோக்கத்துக்காகத் தங்களிடம் இருப்பதைக் கூட்டாகத் திறந்துவிடுகின்றன. ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தின் பெரிய ஹாட்ரான் மோதுவியிலிருந்து வரும் தரவுகளை அலசும் உலகளாவிய கிரிட்டில் 40க்கும் மேற்பட்ட நாடுகளின் சுமார் 170 மையங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு இயற்பியலாளர் தன் வேலையை ஒரு கோப்பாக எழுதி வரிசையில் போடுகிறார். முறை வரும்போது எங்கோ ஒரு மையத்தில் அது ஓடி, விடை திரும்பி வருகிறது. அவருக்குக் கிடைப்பது வேலை முடிந்ததற்கான விடை. கிளவுட் வாடிக்கையாளருக்குக் கிடைப்பது ரூட் அனுமதியோடு (முழு அதிகாரத்தோடு) ஒரு முழு மெஷின், அதில் எதை வேண்டுமானாலும் ஓட்டலாம். கிரிட்டில் நுழைய அந்த ஆய்வுக் குழுமத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும், கிளவுடில் நுழைய ஒரு கிரெடிட் கார்ட் போதும். கிரிட்டில் ஆள் கூடினால் வரிசை நீளும். கிளவுடில் ஆள் கூடினால் புதிதாக இன்னொரு டேட்டா சென்டர் எழும், ஏனென்றால் அங்கே காசு கொடுப்பவர் இருக்கிறார். கூட்டுறவும் வியாபாரமும் என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். எது உயர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன், விஞ்ஞானத்துக்கு கிரிட் செய்திருப்பது சாதாரணமான காரியம் இல்லை.

கிரிட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வகை இருந்தது. வேற்றுக்கிரக அறிவுயிர்களைத் தேடிய செட்டி அட் ஹோம் திட்டம் 1999 மே மாதத்தில் தொடங்கி 2020 மார்ச் வரை வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வேலையை அனுப்பிவந்தது. ரேடியோ தொலைநோக்கிகள் பதிவு செய்த தரவைத் துண்டுபோட்டு, லட்சக்கணக்கான தன்னார்வலர்களின் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் சும்மா இருக்கும் நேரத்தில் அலசவைத்தார்கள். இதில் எந்தக் கம்ப்யூட்டர் எப்போது அணைந்துபோகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒரே துண்டைப் பலருக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடுவார்கள். கிளவுட் விற்பது இதற்கு நேரெதிரான பொருளை: எழுத்தில் கொடுக்கும் உத்தரவாதத்தை.

வெப் ஹோஸ்டிங்கைப் பொறுத்தவரை, மாத வாடகைக்கு ஒரு சர்வரோ சர்வரின் பங்கோ கிடைக்கும். விபிஎஸ் (விர்ச்சுவல் பிரைவேட் சர்வர்) என்று விற்பதும் விர்ச்சுவல் மெஷின்தான். கூட்டம் வந்தால் அரை மணி நேரத்துக்கு மட்டும் பத்து மடங்காக்கிப் பிறகு பழைய நிலைக்குத் திரும்ப முடியாது என்பதே பழைய ஹோஸ்டிங்கின் எல்லை. இன்று பல ஹோஸ்டிங் நிறுவனங்களும் ஏபிஐயும் மணிக் கணக்கும் கொடுக்கின்றன, அவை கிளவுடாகவே மாறிவிட்டன என்பதே என் கருத்து.

கிளையன்ட் சர்வர், டிஸ்ட்ரிபியூட்டட் கம்ப்யூட்டிங் என்ற சொற்களையும் இதே தட்டில் வைத்து ஒப்பிடுகிறார்கள். அது பொருந்தாத ஒப்பீடு. கிளையன்ட் சர்வர் என்பது யார் கேட்கிறார், யார் பதில் சொல்கிறார் என்ற அமைப்பு. டிஸ்ட்ரிபியூட்டட் கம்ப்யூட்டிங் என்பது பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும்போது எழும் சிக்கல்களை ஆராயும் துறை. இரண்டும் கிளவுட் நிற்கும் தரை. தரைக்கும் வீட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பதற்கில்லை.

கன்டெய்னர் பற்றியும் கேட்பீர்கள். விர்ச்சுவல் மெஷின் ஒவ்வொன்றிலும் தனி கெர்னல், அதாவது ஓஎஸ்ஸின் மையப் பகுதி, ஓடுகிறது. கன்டெய்னர்கள் ஒரே கெர்னலைப் பகிர்ந்துகொண்டு, ஒன்றின் கண்ணில் இன்னொன்று படாதபடி பிரிக்கப்பட்டவை. அதனால் எடை குறைவு, நொடிக்குள் எழும். 2013இல் டாக்கர் என்ற மென்பொருள் வந்து இதை எல்லார் கைக்கும் கொண்டு சேர்த்தது, 2014இல் கூகுள், பல கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸை வெளியிட்டது. உங்கள் மடிக்கணினியிலும் கன்டெய்னர் ஓட்டலாம், எனவே அதுவும் தனியாகக் கிளவுட் ஆகாது. சர்வர்லெஸ் என்பது கிளவுடின் குணத்தை அதன் எல்லைக்கே கொண்டு போன வடிவம். 2014 நவம்பரில் அறிமுகமான அமேசான் லாம்டாவில் உங்கள் ஃபங்ஷன் ஓடும் நேரத்துக்கு மட்டும் காசு. யாரும் அழைக்கவில்லையென்றால் பில் பூஜ்யம். சர்வர் இருக்கத்தான் செய்கிறது, அதை எடுப்பதும் விடுவதும்கூட உங்கள் வேலையாக இல்லாமல் போய்விட்டது.

தேவைப்படும் இடத்துக்குப் பக்கத்திலேயே கணக்கிடும் எட்ஜ் கம்ப்யூட்டிங் பிறந்ததற்கு இயற்பியல் காரணம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும். டேட்டா சென்டர் 10,000 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், சர்வர் எவ்வளவு வேகமாக இருந்தாலும், போய்த் திரும்ப 100 மில்லிசெகண்ட் ஆகியே தீரும். எவ்வளவு பணம் கொட்டினாலும் இது குறையாது. தொழிற்சாலைக் கருவி ஒன்றை ஆபத்தில் நிறுத்த வேண்டிய முடிவை அவ்வளவு தூரம் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆகவே உடனடி முடிவு பக்கத்தில், ஆழமான அலசல் தொலைவில் என்று வேலையைப் பிரிக்கிறார்கள். கிளவுடுக்குப் போட்டியாக அல்ல, அதன் கை நீளாத இடத்தில் நிற்கும் துணையாக.

இத்தனை குழப்பம் நிலவியதால்தான் அமெரிக்காவின் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட், கிளவுடுக்கு ஒரு வரையறை எழுத முனைந்தது. பதினைந்து வரைவுகளைத் தாண்டி, பதினாறாவதை இறுதி வடிவமாக வெளியிட்டார்கள், 2011 செப்டம்பரில். அதில் ஐந்து குணங்கள் சொல்லப்படுகின்றன. தானே எடுத்துக்கொள்ளும் வசதி, நெட்வொர்க் வழியாக எங்கிருந்தும் எட்டக்கூடியது, பலருக்கும் பொதுவான வளக் குளம், சட்டென்று விரிந்து சுருங்குவது, பயன்பாட்டை அளந்து சொல்வது. விர்ச்சுவலைசேஷன் என்ற தொழில்நுட்பத்தை அந்த ஐந்தில் ஒன்றாகச் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எந்தக் கருவியால் செய்தீர்கள் என்று வரையறை கேட்கவில்லை, பயன்படுத்துபவருக்கு எது சாத்தியமாகிறது என்று கேட்கிறது. இன்று மெஷின், பிளாட்ஃபார்ம், முழு மென்பொருள் என்று மூன்று அடுக்குகளில் கிளவுட் விற்கப்படுகிறது. எந்த அடுக்கை வாங்கினாலும் இந்த ஐந்தையும் உரசிப் பார்க்கலாம்.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கே உடைத்தாக வேண்டும், ஏனென்றால் இதில் மனிதர்கள் தரவை இழந்திருக்கிறார்கள். கிளவுடில் போட்டால் தானாகவே பத்திரம் என்று நினைக்கிறார்கள். 2021 மார்ச் 10 அதிகாலை பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் என்ற கிளவுட் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் ஒன்று தீயில் முற்றிலும் அழிந்தது. வேறு ஊரில் பேக்கப் வைத்திருந்தவர்கள் மீண்டார்கள். பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். 2017 பிப்ரவரி 28இல் நடந்தது வேறு மாதிரி. வடக்கு வர்ஜீனியாவில் எஸ்3 பில்லிங் அமைப்பின் மந்தத்தைச் சரிசெய்ய முயன்ற ஊழியர் ஒரு கமாண்டில் தவறான மதிப்பைக் கொடுத்துவிட்டார். எடுக்க நினைத்ததைவிட மிக அதிகமான சர்வர்கள் சேவையிலிருந்து போய்விட்டன. சுமார் நான்கு மணி நேரம் அந்தப் பிராந்தியத்தில் எஸ்3 தடுமாற, அதை நம்பியிருந்த எண்ணற்ற தளங்கள் விழுந்தன. சேவையின் நிலையைக் காட்டும் பக்கத்தைப் புதுப்பிக்கும் கருவியே எஸ்3ஐ நம்பியிருந்ததால் அதையும் உடனே திருத்த முடியவில்லை. கிளவுட் நிறுவனம் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும், கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் தரவின் இன்னொரு பிரதி வேறு பிராந்தியத்தில் இருக்கிறதா என்பது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. தயவுசெய்து இதை யாரும் கேட்கும் முன்பே செய்துவிடுங்கள்.

செலவு விஷயத்திலும் கண்மூடித்தனம் கூடாது. தேவை ஏறி இறங்கும் இடத்தில் வாடகை லாபம். வருடம் முழுக்க ஒரே அளவில் ஓடும் பெரிய சுமைக்குச் சொந்த இயந்திரம் மலிவாக முடியலாம். எஸ்3 மீதே வளர்ந்த கோப்புச் சேமிப்புச் சேவையான டிராப்பாக்ஸ், பயனர்களின் தரவில் 90 சதவீதத்துக்கு மேல் தன் சொந்தச் சேமிப்பு அமைப்புக்கு மாற்றிவிட்டதாக 2016இல் அறிவித்தது. பங்குச் சந்தைக்கு வந்தபோது கொடுத்த ஆவணத்தில், இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 7.5 கோடி டாலர் மிச்சமானதாகச் சொன்னது. தன் வளர்ச்சியைக் கணிக்க முடியாத காலத்தில் வாடகையில் இருந்தார்கள், கணிக்க முடிந்ததும் சொந்தமாகக் கட்டினார்கள். இரண்டு முடிவும் அந்தந்தக் காலத்தில் சரியானவையே.

இப்போது உங்கள் ராக்குக்கு வருகிறேன். அது பிரைவேட் கிளவுடா என்று கண்டுபிடிக்க சர்வர் அறைக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் டெவலப்பர் ஒருவருக்கு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சோதனைக்காக மூன்று மெஷின்கள் தேவைப்படுகின்றன என்று வையுங்கள். அவர் என்ன செய்கிறார்? ஒரு பக்கத்திலோ ஸ்கிரிப்ட்டிலோ தானே கேட்டு, சில நிமிடங்களில் பெற்று, ஞாயிறு இரவு தானே அழித்து, மாதக் கடைசியில் அவருடைய குழுவின் கணக்கில் அந்த இரண்டு நாள் மட்டும் பதிவாகிறது என்றால், உங்களிடம் இருப்பது கிளவுட்தான், ஒரே ராக்காக இருந்தாலும். டிக்கெட் (எழுத்துபூர்வக் கோரிக்கை) போட்டு, அட்மினின் பதிலுக்காகத் திங்கள்கிழமை வரை காத்திருந்து, கிடைத்ததை மறுபடி கிடைக்காது என்ற பயத்தில் பிடித்து வைத்துக்கொள்கிறார் என்றால், உங்களிடம் இருப்பது நல்ல விர்ச்சுவலைசேஷன். அதில் குறைவொன்றும் இல்லை, பெயர்தான் பொருந்தவில்லை.

கேள்வியில் நாற்பது மெஷின் என்று சொல்லியிருப்பதால் என் ஊகம் இரண்டாவது. அதைக் கிளவுடாக்க ஓப்பன்ஸ்டாக் போன்ற மென்பொருளை மேலே ஏற்றலாம். ஓப்பன்ஸ்டாக்கை நாசாவும் ராக்ஸ்பேஸ் என்ற ஹோஸ்டிங் நிறுவனமும் சேர்ந்து 2010இல் தொடங்கின, இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதைப் பராமரிக்கவே ஒரு சிறு குழு தேவைப்படும், ஒரு ராக்குக்கு அது கட்டுப்படியாகாது. தவிர, முன்பு சொன்ன குளத்தின் கணக்கு இங்கே உங்களுக்கு எதிராக நிற்கிறது. உங்கள் குழுக்கள் எல்லாம் ஒரே அலுவலக நேரத்தில் வேலை செய்பவை, எல்லாருடைய உச்சமும் ஒன்றாகவே வரும். ராக் நிறைந்த பிறகு விரிவதற்கு இடமும் இல்லை. மென்பொருளுக்குப் பதில் முதலில் இரண்டு சின்ன விஷயங்களைச் செய்து பாருங்கள். மெஷின் கேட்கும் டிக்கெட்டை ஒரு ஸ்கிரிப்ட்டாக மாற்றுங்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் கேட்கும்போதே ஒரு கடைசித் தேதி குறித்து, அந்தத் தேதியில் நினைவூட்டல் அனுப்பி, பதில் வராவிட்டால் நிறுத்திவிடுங்கள். இப்போது ஓடும் நாற்பதில் எத்தனைக்குச் சொந்தக்காரர் பதில் சொல்கிறார் என்று ஒரு மாதம் கவனித்துவிட்டு, பிறகு மேலிடத்தோடு பெயரைப் பற்றிப் பேசுங்கள்.